ஒரு சொட்டுதானே

முத்துமேடு நிலையத்தில் தண்ணீர் என்பது நேற்று யாரோ விட்ட மூச்சு. சுவர்களுக்குப் பின்னால் ஓடும் குளிர்ந்த குழாய்களில் அந்த மூச்சின் ஈரம் படியும். துளித்துளியாக வடிந்து வடிகட்டிகளுக்குள் போகும். மறுநாள் காலையில் எவருடைய கோப்பையிலோ காப்பியாக ஆவி பறக்கும். நிலவின் தென்முனையில், ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பில், மண் மூடிய உருளை அறைகளில் வாழ்ந்த அத்தனை பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் குடித்துத்தான் உயிரோடிருந்தார்கள்.

அந்தத் தண்ணீருக்கு ஜொஹரா பொறுப்பு. காயல்பட்டணத்துப் பெண். குலசேகரப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து ராக்கெட்டுகள் கிளம்பத் தொடங்கி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நிலவு இப்போது வேலைக்குப் போகிற இன்னொரு ஊர்.

ஜொஹராவின் மேசைத் திரையில் எப்போதும் ஒரு எண் இருக்கும். சுத்தம் செய்து வந்த தண்ணீரில் இன்னும் எவ்வளவு வேண்டாத பொருள் மிச்சமிருக்கிறது என்று சொல்லும் எண். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அது தூங்கிக்கொண்டே இருந்தது. இந்த மாதம் விழித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தது. மேலே ஒரு சிவப்புக் கோடு. எண் அதைத் தொட்டது, தாண்டியது, பிறகும் நிற்கவில்லை.

பூமியிலிருந்து உத்தரவு வந்தது. அடுத்த சரக்குக் கலம் வந்து இறங்கும் நாளில் எண் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் அதே கலத்தில் ஏறித் திரும்ப வேண்டும். நிலையம் மூடப்படும்.

கலம் தசராவுக்கு இரண்டு நாள் முன்னால் வருவதாக இருந்தது.

முத்துமேட்டில் தசரா என்றால் சொர்ணக்கனி. மண்ணை உருக்கி ஆக்சிஜன் பிரிக்கும் உலையில் வேலை பார்ப்பவள். அவள் கணவன் சுயம்புவும் அங்கேதான், வெளி வேலை. சில மாதங்களுக்கு முன் அவன் வெளியே போய்த் திரும்பியபோது நுழைவறையின் கதவு மூடவில்லை. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தூசியில் வறண்டு விறைத்து, காற்றைப் பிடிக்க மறுத்தது. சுயம்புவின் உடையில் காற்று தீர்ந்துகொண்டிருந்தது. உள்பக்கம் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சொர்ணக்கனி குலசேகரப்பட்டினத்து முத்தாரம்மனிடம் கத்தினாள்.

“தாயே, இந்த மனுசன உள்ள விட்டுரு. இதே எடத்துல ஒனக்குக் காளி வேஷம் கட்டுதேன்!”

கதவு அப்போது மூடிக்கொண்டது.

அதனால் இந்த வருடம் அவள் மாலை போட்டு விரதம் இருந்தாள். போன கலத்தில் அவளுக்கு ஒரு பெட்டி வந்திருந்தது. வியர்த்தாலும் அழியாத, தொட்டாலும் ஒட்டாத முகப்பூச்சு, காளியின் எல்லா நிறங்களிலும். எண் ஏறத் தொடங்கியதும் அந்தக் கலம் வந்த பிறகுதான்.

ஜொஹரா அவள் அறை வாசலில் நின்றாள்.

“எக்கா, அந்தப் பெட்டியத் தாங்க.”

“எதுக்குட்டி?”

“அந்தப் பூச்சுல சிலிக்கோன் இருக்கு. மொகத்துல போட்டா வழவழன்னு பரவும், சீக்கிரம் காயும். காயுதுன்னா அது எங்கேயும் போயிரல, காத்துல பறக்கு. காத்துலயிருந்து ஈரத்துல சேந்து ஒடஞ்சி, தண்ணியோட தண்ணியா கரஞ்சிருது. நம்ம வடிகட்டி அதக் கொஞ்சந்தான் பிடிக்கும்.”

“ஊர்ல எல்லாப் பிள்ளையளும் பூசத்தான செய்யுது? ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல.”

“ஊர்ல யாருக்கும் ஒண்ணும் ஆவாது. அங்க வானம் பெருசு. இங்க வானம் இந்தக் கூரையோட முடிஞ்சிருது.”

சொர்ணக்கனி பெட்டியை எடுத்து அவள் கையில் திணித்தாள். ஒட்டு நாடாகூடப் பிரிக்கப்படவில்லை. “நல்லாப் பாத்துக்கோ. இன்னும் தொறக்கவே இல்ல. மூடுன பெட்டிக்குள்ள இருந்து ஒங்க தண்ணியக் கெடுத்துட்டன் போல.”

ஜொஹரா அதைக் காற்றுப்புகாத உலோகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். எண் அடுத்த நாளும் ஏறியது. அதற்கடுத்த நாளும்.

பிறகுதான் அவள் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். ஒவ்வோர் அறையிலும் குழாயிலிருந்து சொட்டும் ஈரத்தைத் தனித்தனியாகப் பிடித்துச் சோதித்தாள். எல்லாக் குப்பிகளிலும் அதே சிலிக்கோனின் உடைந்த துண்டுகள். சில அறைகளில் அதிகம், சிலவற்றில் குறைவு. ஒரே ஒரு அறையில் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

அது சொர்ணக்கனியின் அறை.

ஜொஹரா உலைக்கூடத்துக்கு ஓடினாள். நிலவில் ஓடுவதென்றால் துள்ளுவது. கூரையில் தலை இடிக்காமல் துள்ளுவது.

“எக்கா, நீங்க தலைக்கு என்ன போடுதீங்க?”

“என்னத்தப் போட? மால போட்டவ நான். சோப்பு கெடயாது, சாம்பு கெடயாது, சீவ எண்ணெகூடக் கெடயாது. பச்சத் தண்ணி. இவ்வோ கிட்டயே வர மாட்டேங்காவ.”

பக்கத்தில் கருவி துடைத்துக்கொண்டிருந்த சுயம்பு தலையைத் தூக்கினான். “நானும் ஒண்ணும் போடுததில்ல. ரெண்டு பேரும் சேந்து நாறுதோம். வாழ்க்கை நல்லாத்தான் போவுது.”

ஜொஹரா சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். “மன்னிச்சிருங்கக்கா. வேஷத்தச் சந்தேகப்பட்டேன். தெனமும் எல்லாரும் கட்டிட்டுத் திரியுற வேஷத்தப் பாக்காம விட்டுட்டேன்.”

முடி பறக்காமல் படியவைக்கும் சீரம். அக்குளில் உருட்டும் டியோடரன்ட். கைக்குப் பூசும் கிரீம். முகம் துடைக்கும் ஈரத்தாள். அதுவரை ஓரிருவர் பூசியதை வடிகட்டி தாங்கிக்கொண்டது. போன கலத்தில் ஒவ்வொருவருக்கும் வீட்டிலிருந்து ஒரு சின்னப் பை வந்திருந்தது, நிலைய அனுமதி முத்திரையோடு. விஷம் எதுவுமில்லை. பூமியில் குழந்தைக்குக்கூடப் பூசலாம். இங்கே கூரை மட்டும் தாழ்ந்திருந்தது.

நிலையத் தலைவர் கென்னடி பர்னாந்து மணப்பாட்டுக்காரர். அலுவலகத்தில் அவர் ஜொஹரா சொன்னதை முழுக்கக் கேட்டார். அவருடைய முடி, எப்போதும் போல, ஒரு இழைகூடப் பிசகாமல் பின்னோக்கிப் படிந்து பளபளத்தது.

“வடிகட்டிய மாத்த முடியாதா?”

“மாத்துனாலும் திரும்ப அடைக்கும் சார். காத்துல போறத நிறுத்துனா, இருக்கிற வடிகட்டியே அஞ்சாறு நாள்ல கழுவித் தள்ளிரும்.”

“சரி. அறிவிச்சிருவோம்.”

அறிவித்தார்கள். உணவுக்கூட வாசலில் ஒரு பெட்டி வைத்தார்கள். எல்லாரும் கைதட்டி, தண்ணீர் முக்கியம் என்று ஆமோதித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பெட்டியில் ஒரு பல் உடைந்த சீப்பும் தீர்ந்துபோன இரண்டு குப்பிகளும் கிடந்தன. தலைவர் தன் பங்குக்கு ஒரு டியோடரன்ட் போட்டிருந்தார்.

ஜொஹரா வழியில் மடக்கிக் கேட்டபோது ஒவ்வொருவரிடமும் ஒரே பதில் இருந்தது.

“நான் என்ன வாளி வாளியாவா ஊத்துதேன்? ஒரு சொட்டுதானே!”

“என்னோடது சின்னக் குப்பி மேடம். கண்ணுக்கே தெரியாது.”

“மொதல்ல அந்த மூணாம் அறைக்காரன்ட்ட கேளுங்க. அவன் போற பாதை பூரா மணக்கு.”

அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சாம்பல் நிற மண்ணையும் கறுத்த வானத்தையும் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு, கண்ணாடி முன் நின்று ஒரு சொட்டைத் தலையில் தடவும் அந்த ஒரு நிமிடம்தான் ஊர். திருட்டுத்தனமாகவாவது அதை வைத்துக்கொள்வார்களே தவிர, யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எண் கோட்டுக்கு மேலேயே நின்றது. கலம் பூமியிலிருந்து கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது.

அன்று உணவுக்கூடத்தில் சொர்ணக்கனி தட்டைத் தள்ளிவிட்டு அவளருகே வந்து உட்கார்ந்தாள்.

“ஏட்டி, நீ கேட்டா எவனும் தர மாட்டான். நீ பொறியாளர். அவங்களுக்கு நீ என்ன ஆத்தாளா?”

“பின்ன யாருக்குக் குடுப்பாங்க?”

“வேஷக்காரிக்குக் குடுப்பாங்க.” அவள் கண் மின்னியது. “ஊர்ல காளி வேஷம் கட்டுனவ வீடு வீடா வந்து மடி ஏந்துனா, வெறுங்கையா எவனாவது அனுப்பிருக்கானா? கஞ்சப் பயகூட உள்ள போயி எதையாவது எடுத்துட்டு வருவான். காணிக்கைன்னு கேட்டா கை தானா நீளும். நான் போறேன். காசு வேண்டாம், குப்பியப் போடுங்கன்னு கேக்கேன்.”

ஜொஹரா அவளையே பார்த்தாள். பிறகு முகம் வாடிவிட்டது. “பூச்சு? அந்தப் பெட்டியத் திறந்தா அதுவே போதும், தண்ணி இன்னும் கெட்டுரும்.”

“அப்போ வேற செஞ்சு தா. படிச்சிருக்கேல்லா?”

படித்திருந்தாள். அந்த நொடியில் அவளுக்கு உலைக்கூடத்தின் மூலையில் குவிந்து கிடக்கும் கழிவு ஞாபகம் வந்தது.

“எக்கா, ஒங்க உலையில ஆக்சிஜன எடுத்த பெறகு மிச்சம் என்ன விழுது?”

“வெள்ளையா ஒரு மாவு. கருப்பா இரும்புத் தூள். அள்ளி வெளிய கொட்டுதோம்.”

“அந்த வெள்ளை மாவுதான் ஊர்ல பற்பசையில, பவுடர்ல, வெயில் கிரீம்ல எல்லாம் வெள்ளைக்குப் போடுறது. அதே சாமான்தான். இரும்பு துருப்பிடிச்சா செவப்பு. உதட்டுச் சாயத்துக்குச் செவப்பு எங்கயிருந்து வருதுன்னு நெனச்சீங்க? கல்லும் துருவும் ஆவியாப் பறக்காது. கொழைக்க நல்லெண்ணெ. அதுவும் பறக்காது.”

“துருவுக்கு எங்க போவ? இங்கதான் ஒண்ணுமே துருப்பிடிக்காதே.”

“அதுக்குத் தண்ணி வேணும்,” என்றாள் ஜொஹரா. “என் குளிக்கிற பங்கத் தாரேன்.”

அடுத்த சில நாட்களும் இருவரும் உலைக்கூடத்தில்தான் இருந்தார்கள். காந்தத்தால் இரும்பைப் பிரித்தார்கள். நிலவின் தூள் கண்ணாடிச் சில் போல அறுக்கும் என்பதால் உருளையில் போட்டு அரைத்து அரைத்து, விரலிடுக்கில் தேய்த்தால் மாவாக வழுக்கும்வரை விடவில்லை. ஈரத்துணியில் பரப்பி, சுடுகாற்று காட்டிய இரும்புத் தூள் மெல்ல நிறம் மாறியது. முதலில் மஞ்சள் பூத்தது. பிறகு செங்கல். பிறகு, தட்டில் போட்டுச் சுட்டபோது, இரத்தச் சிவப்பு. அந்தத் தட்டை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோடி கோடி ஆண்டுகளாகச் சாம்பலாகவே கிடந்த ஒரு ஊரில் கைப்பிடியளவு சிவப்பு.

சொர்ணக்கனி முகத்தை நீட்டினாள். ஜொஹரா நல்லெண்ணெயில் குழைத்ததை விரலால் தொட்டுப் பூசினாள். வெந்த இரும்பின் கருப்பு, நெற்றியில் துருச் சிவப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை.

“காயல்பட்டணத்துப் பிள்ள கையால காளிக்கு மொகம் வருதே,” என்றாள் சொர்ணக்கனி, உதட்டை அசைக்காமல்.

“ஆடாதீங்கக்கா, பல்லுக்கு வெள்ளை வைக்கணும்.”

சுயம்பு மெல்லிய அலுமினியத் தகட்டில் எட்டுக் கைகள் வெட்டி வைத்திருந்தான். அவற்றை முதுகில் கட்டினான். கட்டி முடித்து எதிரே வந்து நின்றவன், ஏதோ கிண்டல் சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல், கைகூப்பினான்.

மாலைப் பணி முடிந்து எல்லாரும் அறை திரும்பும் நேரம். காலியான ஆக்சிஜன் உருளையைத் தோளில் தொங்கவிட்டுச் சுயம்பு கொட்டத் தொடங்கினான். இரும்பு முழங்கியது. குறுகலான நடைவழியில் காளி வந்தாள். நிலவில் ஒரு அடி எடுத்து வைத்தாலே உடம்பு மேலே எழும்பும். அவள் ஒவ்வோர் அடியிலும் எழுந்து, காற்றில் ஒரு கணம் நின்று, பத்துக் கையும் அசைய மெதுவாக இறங்கினாள். எந்த ஊரிலும் எந்தக் காளியும் அப்படி நடந்ததில்லை.

முதல் கதவு திறந்தது. மூன்றாம் அறைக்காரன், சந்தனசாமி. போற பாதை பூரா மணக்கிறவன்.

“அம்மாவுக்குக் காணிக்கை!”

அவன் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. “எக்கா, காசு இங்க ஏது...”

“காசு யாரு கேட்டா? நீ தேய்க்கிறதக் குடுலே.”

அவன் சிரித்தான், அவளைப் பார்த்தான், சிரிப்பை நிறுத்தினான். உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தான். அவள் நகரவில்லை. மறுபடி போய் இன்னொன்று. பிறகு தலையணைக்கடியிலிருந்து மூன்றாவது. பின்னால் நின்ற ஜொஹராவின் பையில் அவை விழுந்தன.

அதன்பிறகு கதவுகள் தட்டுவதற்கு முன்பே திறந்தன. கிரீம்கள் வந்தன, சீரங்கள் வந்தன, ஈரத்தாள் கட்டுகள் வந்தன. “அம்மா, இது பாதிதான் இருக்கு, பரவால்லியா?” என்று கேட்டுக் கொடுத்தார் ஒருவர். மருத்துவர் தன் பெட்டியையே கவிழ்த்தார். குப்பி கொடுத்தவர்கள் அறைக்குள் திரும்பவில்லை. உருளைச் சத்தத்தோடு கைதட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

மின்பிரிவு எட்வின் மட்டும் வாசலில் தயங்கி நின்றான். கையில் ஒரு சின்ன ஊதாக் குப்பி.

“மக வாங்கிக் குடுத்துவிட்டது. அவ தலைக்கும் இதுதான். வாசனைக்காகத்தான் தொறப்பேன். பூசுதது ஒரு சொட்டுதான்...”

உருளைச் சத்தம் நின்றது. காளி கையை நீட்டினாள். பிறகு குப்பியை வாங்கி, மூடியைக் கழற்றி, பூச்சு பட்ட கட்டைவிரலால் குப்பியின் வாயை இறுக அடைத்துக்கொண்டு, மூடியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“மூடி ஒனக்கு. அதுல வாசன இருக்கும். போயி மககிட்டச் சொல்லு, அவ அனுப்புனத அம்மாவே கேட்டு வாங்கிக்கிட்டான்னு.”

எட்வின் மூடியை இறுக்கிப் பிடித்த கையோடு ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டான். ஜொஹரா அந்தக் குப்பிக்கு ஒட்டு நாடா சுற்றினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

கடைசிக் கதவு நிலையத் தலைவருடையது. குழாய்ச் சோதனையில் மிக அதிகமாகச் சிலிக்கோன் காட்டியதும் அந்த அறைதான். ஜொஹரா அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கதவு திறந்தது.

“நான்தான் அன்னைக்கே போட்டுட்டனே,” என்றார் கென்னடி பர்னாந்து.

காளி மடியை ஏந்தியபடியே நின்றாள்.

“நாங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க சொர்ணக்கனி. எனக்கு இதெல்லாம்...”

“சார், ஊர்ல ஒங்க தெருவுக்கும்தான் வருவோம். ஒங்க அம்மா அரிசி போடுவாவளா, மாட்டாவளா?”

“போடுவாங்க.”

பிறகு உள்ளே போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. நீண்ட நேரம். திரும்பி வந்தபோது கையில் பெரிய சீரம் குப்பி இருந்தது. தலை ஈரமாக இருந்தது. அது உலர உலர, அத்தனை வருடம் யாரும் பார்த்திராத சுருட்டை முடி, நிலவின் லேசான இழுப்பில், நாலா பக்கமும் எழும்பிப் பெரிய பந்தாக விரிந்தது.

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் நடைவழி முழுக்கச் சிரித்தது. தலைவர் கையால் முடியை அழுத்திப் பார்த்தார். அது நிற்கவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

“இதுக்குத்தான் மூணு குப்பி தீத்தேன்,” என்றார்.

காளி இரு கால்களையும் ஊன்றி எழும்பினாள். உருளை முழங்கியது.

முதல் இரண்டு நாள் எண் அசையவில்லை. ஜொஹரா திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். நடைவழிகளில் மனிதர்களின் வியர்வை மணந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. யார் எங்கே வருகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம் என்று சந்தனசாமி பெருமைப்பட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் எண் ஒரு படி இறங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு, மேட்டிலிருந்து உருண்ட கல் மாதிரி.

கலம் வந்து இறங்கியபோது ஓட்டுநர் இருக்கைகளையெல்லாம் விரித்துத் தயாராக வைத்திருந்தான். கென்னடி பர்னாந்து, முடி காற்றில் மிதக்க, ஒரு கோப்பைத் தண்ணீரை அவனிடம் நீட்டினார். அவன் குடித்தான். ஜொஹராவின் திரையைப் பார்த்தான். எண் கோட்டுக்குக் கீழே எங்கோ ஆழத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

“அப்போ யாரும் வரலியா?”

“வரல,” என்றார் தலைவர். “நீங்க வேணா ரெண்டு நாள் இருந்து தசரா பாத்துட்டுப் போங்க.”

அவன் இருந்தான். தசரா அன்று நுழைவறைக் கதவுக்கு முன்னால், நேர்ந்துகொண்ட அதே இடத்தில், சொர்ணக்கனி ஆடினாள். கண்ணாடிக்கு வெளியே நிலவு வெறிச்சோடிக் கிடந்தது. உள்ளே அதே நிலவின் வெள்ளையும் கருப்பும் சிவப்பும் ஒரு பெண்ணின் முகத்தில் ஏறி, பத்துக் கைகளோடு ஆளுயரத்துக்கு எழுந்து எழுந்து இறங்கின. முழங்கிய உருளைகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஆட்டம் முடிந்து நல்லெண்ணெயும் துணியும் வைத்து முகத்தைத் துடைத்தபோது அந்தத் துணியைக் கேட்டு ஆளாளுக்குக் கை நீட்டினார்கள்.

காணிக்கைப் பை மட்டும் மிச்சமிருந்தது. அதைக் கலத்தில் ஏற்றிவிடலாம் என்றார் தலைவர். ஜொஹரா தலையசைத்து மறுத்தாள். குப்பிகளில் இருந்த தூய சீரங்களை மட்டும் பிரித்து, மூடியபடியே சுயம்புவிடம் கொடுத்து, வெளியே கொண்டுபோய் ஒரு அகலத் தட்டில் ஊற்றி வெயிலில் வைக்கச் சொன்னாள். அங்கே காற்றில்லை, பறக்க வேண்டியதெல்லாம் வெட்டவெளிக்குப் பறந்துவிடும். யார் தண்ணீரிலும் சேராது.

சுயம்பு தட்டை உள்ளே கொண்டுவந்தபோது அடியில் தேன் போலக் கெட்டியாக, நிறமில்லாமல், கொஞ்சம் தங்கியிருந்தது.

“இது பறக்காதா?”

“பறக்க வேண்டியது போயிருச்சு. இது தங்குற வகை. முடிக்கு வழவழப்புக் குடுக்கிறது. ரப்பருக்கும் குடுக்கும்.”

சுயம்பு புரிந்துகொண்டான். தட்டோடு நுழைவறைக்கு நடந்தான். சொர்ணக்கனியும் பின்னாலேயே போனாள். அவள் காதோரத்தில் இன்னும் கொஞ்சம் துருச் சிவப்பு ஒட்டியிருந்தது. சந்தனசாமியின் மூன்று குப்பி, எட்வின் மகளின் ஊதாக் குப்பி, தலைவரின் பெரிய குப்பி, எல்லாம் அந்தத் தட்டில் ஒன்றாகக் கிடந்தன. சுயம்பு சுட்டுவிரலை அதில் தோய்த்து, அன்று மூட மறுத்த கதவின் ரப்பர் வளையத்தில் வைத்து மெல்ல இழுத்தான். வறண்டு வெளுத்திருந்த வளையம் விரல் போன வழியெல்லாம் கறுத்து மினுங்கியது.

“இன்னும் நெறைய வையிங்க,” என்றாள் சொர்ணக்கனி.

“வேண்டாம். ஒரு சொட்டு போதும்,” என்றான் சுயம்பு.

கதவைத் தள்ளினான். சத்தமே இல்லாமல் அது மூடிக்கொண்டது.